நாலாவது பாட்டுக்கு வந்த பதில்கள்

என் அன்பு நாச்சி மாப்ளே,

நம் இசைத்தட்டு வந்துவிட்டது. இந்த ஒரு வரியை உனக்கு எழுத எனக்கு எட்டு மாதம் ஆகியிருக்கிறது.

உன் காரியம் முடிந்து மூன்றாம் நாள், பாலக்காடு ரயில் பார்சல் ஆபீஸிலிருந்து சீட்டு வந்தது. நானும் சுந்தரமும் போய் நான்கு அட்டைப்பெட்டிகளைக் கடலை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து மண்டியில் இறக்கினோம். உறையில் செக்போஸ்ட் தடிக்கு முன்னால் நாம் மூன்று பேரும் நிற்கிறோம். வெயிலுக்கு நீ கண்ணைச் சுருக்கியிருக்கிறாய். நீலத்தில் அடிக்கச் சொன்ன எழுத்தைக் கத்தரிக்காய் நிறத்தில் அடித்திருக்கிறார்கள். நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாயா, சண்டைக்குப் போயிருப்பாயா?

சுந்தரம் அன்றே போட்டுக் கேட்டுவிட்டான். என்னால் முடியவில்லை. ஒரு வாரம் பெட்டிகளைச் சுற்றிக்கொண்டு நடந்தேன். வாங்க வந்தவர்களுக்கு எடுத்துக் கொடுத்தேன். நான் மட்டும் கேட்கவில்லை.

நம் ஊர் வாசகசாலையின் ஆண்டு மலருக்கு உன்னைப் பற்றி எழுதச் சொன்னார்கள். உன்னைப் பற்றி எழுதுவதைவிட உனக்கே எழுதுவது எனக்குச் சுலபம். உனக்குத் தெரிந்த சில சங்கதிகளையும் நடுவில் சொல்வேன். மலரைப் படிக்கிறவர்களுக்கு அவை தெரிய வேண்டும் இல்லையா, பொறுத்துக்கொள்.

நாம் ஆரம்பித்தது எழுபத்திரண்டில். ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோகிற ரயில்வேக்காரர் ஒருவரிடம் மெட்ராஸில் அந்தச் சிவப்பு எலக்ட்ரிக் கிதாரை வாங்கிக்கொண்டு, சாக்கில் சுற்றி, கேரள எல்லையோரத்தில் நம் கொழிஞ்சாம்பாறையில் பஸ் இறங்கினாய். அது என்ன கருவி என்று கேட்டவர்களிடம் பூச்சிமருந்து அடிக்கிற மெஷின் என்று சொன்னாய். கல்பாத்தி சுந்தரம் ஒரு பழைய வால்வு ரேடியோவைப் பிரித்து அதற்கு ஆம்ப்ளிஃபையர் செய்து கொடுத்தான். பிறகு அவனே பேஸ் கிதாரும் வாசித்தான். அவன் வீட்டில் இன்றுவரை அவன் அந்தச் சனிக்கிழமைகளில் சுருக்கெழுத்து கற்கப் போனதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு வாய்த்தவை, பாலக்காட்டில் கலைந்துபோன ஒரு சர்க்கஸ் பேண்டின் மேளங்கள்.

எங்கள் அத்தாவின், அதாவது என் தகப்பனாரின், கடலை மண்டிதான் நமக்குப் பயிற்சி இடம். மூட்டைகள் நிறைந்திருக்கிற மாதங்களில் நம் பாட்டு நன்றாக இருக்கும். மூட்டைகள் லாரியேறிப் போய்விட்டால் எதிரொலியில் நாம் வாசிப்பது நமக்கே புரியாது. அறுவடைக்குத் தகுந்தபடி நல்ல பாட்டுக்காரர்களாகவும் மட்டமான பாட்டுக்காரர்களாகவும் மாறி மாறி இருந்த குழு உலகத்திலேயே நம்முடையதாகத்தான் இருக்கும்.

பெயர் வைத்தது நீ. தமிழ்நாட்டுப் பக்கம் போனால் கேரளாக்காரப் பசங்கள் என்பார்கள், பாலக்காட்டில் வாசித்தால் பாண்டிப் பாட்டு என்பார்கள். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருப்பது செக்போஸ்ட் ஒன்றுதான், அதையே பெயராக வைப்போம் என்றாய்.

உங்கய்யனுக்கு மட்டும் அந்தப் பெயரும் பிடிக்கவில்லை, நாம் செய்கிற காரியமும் பிடிக்கவில்லை. ஒரே மகன். பன்னிரண்டு ஏக்கர் காடு தோட்டம், கிணறு, மாடு கன்று எல்லாம் இருக்கும்போது கம்பியைத் தட்டிக்கொண்டு திரிகிறானே என்ற ஆத்திரம் அவருக்கு. கடைசி இரண்டு வருஷமும் நீங்கள் இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளவே இல்லை. அவர் சொல்வதை உங்காத்தா உனக்குச் சொல்வார்கள், நீ சொல்வதை அவருக்குச் சொல்வார்கள். மூன்று பேரும் ஒரே வாசலில் நின்றுகொண்டிருப்பீர்கள்.

இப்போது சூரியநெல்லி. அந்த ஒரு மத்தியானம் இல்லையென்றால் இந்தக் கடிதமே இல்லை.

மூணாறுக்கு அந்தப் பக்கத்து அந்த மலையூரில் தேயிலை எஸ்டேட் ஆபீஸில் வேலை பார்க்கிற சுந்தரத்தின் சித்தப்பா மகன் நம்மைக் கூப்பிட்டான். தொழிலாளர் கால்பந்துப் போட்டியின் கடைசி ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை. ஆட்டம் முடிந்ததும் மைதானத்தின் ஓரத்தில் பலகை போட்டு வாசித்தோம். மூன்றாவது பாட்டில் ஜெனரேட்டர் நின்றுவிட்டது. அதே நேரத்தில் மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கி மைதானத்தை மூடியது. நானும் சுந்தரமும் கையைக் கீழே போட்டுவிட்டோம்.

நீ கிதாரைக் கழற்றிச் சுந்தரத்திடம் கொடுத்தாய். பலகையை விட்டுக் கீழே இறங்கி நின்று, பஸ்ஸில் வரும்போது பாதி கட்டியிருந்த ஒரு பாட்டை வெறும் குரலில் பாடினாய்.

மஞ்சு இறங்குது மலைமேலே – அம்மா
மறைஞ்சு போகுது வழியெல்லாம்
கூடை நிறையலை, கூப்பிட ஆளில்லை
குரல் கொடுத்தா நீ திரும்புவியா

மைதானத்தின் ஓரத்தில் குடையோடும் பிள்ளைகளோடும் பெண்கள் நின்றிருந்தார்கள். யாரும் கை தட்டவில்லை. பனிக்குள் அவர்கள் இருக்கிறார்களா, போய்விட்டார்களா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. பிறகு ஒரு பெண் முன்னால் வந்தார். கொழுந்து பறிக்கிறவர், பேச்சியம்மாள் என்று பெயர். "இன்னொரு மட்டம் படிங்கய்யா" என்றார்; பாடுவதை அங்கே படிப்பது என்பார்கள். நீ மூன்று தடவை பாடினாய்.

திரும்பி வரும்போது மூணாறு வளைவில் நீ என்னிடம் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? இத்தனை வருஷம் நாம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தோம், இன்றைக்குத்தான் பாடினோம் என்றாய். நான் அதை அப்போது சரியாகக் காதில் வாங்கவில்லை. ஈரத்தில் மேளத்தின் தோல் தளர்ந்துவிட்டதே என்ற கவலையில் இருந்தேன்.

மெட்ராஸ் ஸ்டூடியோவில் நமக்குக் கிடைத்தது ஒரே ஒரு பகல். பக்கத்துக்கு இரண்டாக நான்கு பாட்டு. மூன்று முடிந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. அடுத்த குழு வெளியே வந்து காத்திருந்தது. நாலாவது, சூரியநெல்லிப் பாட்டு. நீ மைக் முன்னால் நின்றுகொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

"இதுக்கு மேளம் வேண்டாம் மாப்ளே. அன்னைக்குப் பாடுன மாதிரியே உட்ரலாம்."

நான் சொன்னதை இப்போது இந்த மலரில் அச்சாகட்டும் என்றே எழுதுகிறேன். "தட்டுல என் பேரும் இருக்குது. ஒரு பாட்டுல மட்டும் நான் எங்க போனேன்னு கேக்க மாட்டாங்களா?"

நீ கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். "செரி, உனக்கு எப்படித் தோணுதோ அப்படி வாசி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாய். நான் வாசித்தேன். கை வலிக்க வாசித்தேன். ரயிலில் வரும்போது எல்லாவற்றையும் பற்றிப் பேசினாய். அந்தப் பாட்டைப் பற்றி மட்டும் பேசவில்லை.

அதற்கடுத்த மாதம் உன் கண் மஞ்சளானது. வெயில் என்றோம், கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். கோயம்புத்தூர் கொண்டுபோவதற்குள் உடம்பு முழுக்க மஞ்சள். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாய். உங்கய்யன் வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தார், உள்ளே வரவில்லை. நீ தூங்கிவிட்டாயா என்று என்னிடம் கேட்டுக்கொண்டு, தூங்கிவிட்டால் மட்டும் வந்து கால்மாட்டில் நின்றுவிட்டுப் போவார். நீ உண்மையாகவே தூங்கினாயா மாப்ளே? ஒரு தடவையாவது கண் திறந்து பார்த்தாயா?

கடைசிக்கு முந்தின நாள் தட்டு வந்துவிட்டதா என்று கேட்டாய். வந்துவிட்டது, நன்றாக இருக்கிறது என்றேன். நாலாவது பாட்டு எப்படி வந்திருக்கிறது என்று கேட்டாய். ரொம்ப நன்றாக வந்திருக்கிறது என்றேன். தட்டு அப்போது வரவே இல்லை. நான் எதையும் கேட்டிருக்கவில்லை. நீ கண்ணை மூடிக்கொண்டாய்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உனக்குப் புதுச் செய்தி. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் கருத்துச் சொன்னவர்கள் மைக்செட்காரர்கள். கல்யாண வீடுகளிலும் கோயில் நோன்பிகளிலும் அவர்கள் போட்டால்தானே ஊருக்குக் கேட்கும்? நம் பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூர்க்காரர் இரண்டாம் நாளே தட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார். முதல் பாட்டின் ஆரம்பத்தில் உன் கிதார் கரகரவென்று உறுமுகிறதே, சுந்தரம் ஒரு மாதம் பாடுபட்டுக் கொண்டுவந்த உறுமல், அதைக் கேட்டுவிட்டுப் பெண் வீட்டார் ஊசி உடைந்துபோயிற்று என்று ஓடி வந்தார்களாம். ஒலிபெருக்கிக் குழாயை இறக்கித் துடைத்தும் பார்த்தார்களாம். சுந்தரத்துக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

ஆனால் அதே பாட்டுக்குக் கோயம்புத்தூர் கல்லூரிப் பையன்கள் சிலர் சேர்ந்து ஒரு கடிதம் போட்டிருந்தார்கள். விடுதியில் தினமும் அதைப் போட்டுத்தான் குளிக்கப் போகிறார்களாம், மேளம் அடிக்கிறவருக்கு எங்கள் வணக்கம் என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதத்தை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. இரண்டாவது பாட்டைப் போட்டால்தான் பிள்ளை தூங்குகிறது என்று நல்லேப்பிள்ளியிலிருந்து ஒரு தாய் எழுதியிருந்தார். அது புரட்சிப் பாட்டு என்று நீ சொல்லிக்கொண்டிருந்தாயே!

பாலக்காட்டு மலையாளப் பத்திரிகை ஒன்று நாலு வரி எழுதியது. பையன்கள் கெட்டிக்காரர்கள், ஆனால் இது தமிழ்த் தட்டு, தமிழர்கள்தான் சொல்ல வேண்டும் என்று முடித்துவிட்டது. அடுத்த மாதம் கோயம்புத்தூர் வாரப் பத்திரிகையில் வந்தது ஒரு முழுப்பக்கம். செவியன் என்ற பெயரில் எழுதுகிறவர். கேரள இளைஞர்களின் தமிழ் முயற்சி என்று தலைப்பு. இரண்டு பேரும் நம்மைச் செக்போஸ்ட்டிலேயே நிறுத்திவிட்டார்கள், நீ பெயர் வைத்தது வீண்போகவில்லை.

செவியன் உன்னைப் பாராட்டியிருக்கிறார். இந்தக் குரலுக்குப் பயிற்சி இல்லை, ஆனால் பொய்யும் இல்லை என்று ஒரு வரி. அதைப் படித்ததும் உன்னிடம் காட்டவேண்டும் என்று பத்திரிகையை மடித்துக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டேன். வந்த பிறகுதான் நினைவு வந்தது.

அதற்கப்புறம் நாலாவது பாட்டுக்கு வருகிறார். மஞ்சு என்பது மலையாளச் சொல், தமிழ்ப் பாட்டில் அதற்கு என்ன வேலை என்று ஒரு குட்டு. அதையடுத்து எழுதியிருப்பதை அப்படியே எழுதுகிறேன், எனக்கு மனப்பாடம்: "பாடுகிறவர் ஒரு மலையில் தன்னந்தனியாக ஏறிக்கொண்டிருக்கிறார். மேளக்காரர் தகரத்தைத் தட்டிக்கொண்டு பின்னாலேயே துரத்துகிறார்."

எனக்கு வந்த கோபத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் போய், பாலக்காடு பஸ் ஏறிக் கல்பாத்திக்குப் போனேன். சுந்தரம் ஏற்கனவே படித்துவிட்டுப் பதில் எழுதிக்கொண்டிருந்தான். மஞ்சு என்றால் பழைய தமிழில் மேகம், நீங்கள் மறந்ததை நாங்கள் எல்லைக்கு இந்தப் பக்கம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று நாலு பக்கம். நல்லா இருக்குது, மேளத்துக்கும் சேர்த்து ஒரு பக்கம் போடு என்றேன்.

பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "மத்ததெல்லாம் அவன் எழுதினது சரியாக்கும் தாவூதே. நீ இன்னும் அந்தப் பாட்டைக் கேக்கவே இல்லை, கேட்டியோ?"

அவன் வீட்டில் யாரும் இல்லாத நேரம். தட்டை எடுத்துப் போட்டான். முதல் தடவையாகக் கேட்டேன்.

அந்த ஆள் சொன்னது சரிதான் மாப்ளே. "மறைஞ்சு போகுது" என்று நீ இழுக்கிற இடத்தில் நான் ஓர் உருட்டு உருட்டுகிறேன். "திரும்புவியா" என்று நீ கேட்டு நிறுத்துகிறாய். பதில் வருகிறதா என்று நீ காத்திருக்கிற அந்தக் கணத்தில் நான் மேளத்தோடு இருக்கிற பித்தளைத் தாளக் கிண்ணத்தைப் படாரென்று அடிக்கிறேன். உன் குரலுக்கு நடுவில் நான் என் பெயரை எழுதிவைத்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் நான் உன்னிடம் சொன்னது பொய். நாலாவது பாட்டு நன்றாக வரவில்லை. நீ சொன்னபடி விட்டிருக்க வேண்டும். இதைச் சொல்லத்தான் எட்டு மாதம் ஆயிற்று.

இனி உங்கய்யன் கதை.

பத்திரிகை வந்த வாரம், மாட்டுச்சந்தையில் யாரோ அவரிடம் உங்கள் பையனைப் பற்றிப் பேப்பரில் போட்டிருக்கிறதே, பார்க்கவில்லையா என்று கேட்டிருக்கிறார்கள். நல்லதா கெட்டதா என்று கேட்டதற்கு, கொஞ்சம் திட்டித்தான் எழுதியிருக்கிறான் என்றிருக்கிறார்கள். மாட்டை ஆளிடம் பிடித்துக் கொடுத்துவிட்டு நேராக மண்டிக்கு வந்துவிட்டார். அத்தா நாற்காலி போட்டார். உங்கய்யன் அதில் உட்காரவில்லை. கடலை மூட்டையின் மேல் உட்கார்ந்து, தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏப்பா தாவூது, என்னமோ திட்டி எழுதியிருக்கறானாமா? படி, கேக்கலாம்."

ஒரு வரி விடாமல் படித்தேன். தகரம் தட்டுகிற வரியையும்தான். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. குரலில் பொய் இல்லை என்ற வரியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். எழுதினவன் நம்ம பக்கத்து ஆளா என்று கேட்டார். பிறகு, அவன் திட்டினது சரியா தப்பா என்று கேட்காமல் எப்படிச் சொல்வது, அதைப் போடு என்றார். நீ பள்ளிக்கூடத்தில் ஆண்டுவிழாவில் பாடியதற்குப் பிறகு உன் பாட்டை அவர் கேட்பது அதுதான் முதல் தடவை.

முதல் இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்தார். உறுமலுக்கு மட்டும் புருவத்தை ஏற்றினார். மூன்றாவது நான் எழுதிய பாட்டு. மாசி மாதத்துப் பனையிலே தூக்கணாங்குருவி கூடு கட்டுது என்று வருகிறதே, அந்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"மாசியில எந்தத் தூக்கணாங்குருவி கூடு கட்டுது?"

அது நான் எழுதியது என்றேன்.

"நீ மண்டிக்காரன், உனக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியுமல்லோ? மழ பேஞ்ச பொறவுதான் கட்டும். பத்து வயசுலயே பனையேறிக் கூட்டுக்குள்ள எட்டிப் பாத்தவன். அவன் எப்படித் தப்பாப் பாடுனான்?"

அத்தாவும் கணக்குப்பிள்ளையும் தராசுப் பக்கம் போய்விட்டார்கள். பிறகு உங்கய்யனே சொன்னார். "உனக்குச் சங்கடமா இருக்குமுன்னு உட்டுருப்பான்."

உண்மையா மாப்ளே? அந்த வரியை உன்னிடம் காட்டியபோது நன்றாக இருக்கிறது என்றுதானே சொன்னாய்? அதே போல நான் மேளம் வேண்டும் என்று பிடித்த பிடிவாதத்தையும் விட்டுக்கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டாயா? இன்னும் எத்தனை இடத்தில் எனக்காக விட்டுக்கொடுத்திருக்கிறாய்? கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லாமல் செய்துவிட்டாயே.

நாலாவது பாட்டைப் போட்டேன். உங்கய்யன் சுழல்கிற தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்து ஊசி வெறுமனே தேய்ந்துகொண்டிருந்தது. நானும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கச் சொல்லவில்லை.

"காட்டுல தண்ணி கட்டிக்கிட்டு இருக்கறப்ப சோறு கொண்டாரச் சொல்லி அவங்காத்தாளைக் கூப்பிடுவான்" என்றார். "இதே இழுப்புத்தான். இது பாட்டுன்னு அப்பத் தெரியல."

துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு எழுந்தார். செவியன் சொன்னது சரியா என்று நானாகவே கேட்டேன். "அவன் காதுல கேட்டது ஒண்ணு, எங்காதுல கேட்டது ஒண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஒவ்வொரு சந்தை நாளும் மண்டிக்கு வருகிறார். ஒரு தட்டை வீட்டுக்குக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். ஆனால் வீட்டில் போட்டுக் கேட்கப் பெட்டி இல்லை. வாங்கலாமே என்றால், வேண்டாம், உங்காத்தா தாங்கமாட்டார்கள் என்கிறார். வருவார், நாலாவது பாட்டை ஒரு தடவை கேட்பார், ஒரு டீ குடிப்பார், போய்விடுவார். உங்காத்தா அந்தத் தட்டை உறையோடு உன் சட்டைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறார்களாம்.

கடைசியாகச் சின்னக்கானல் மைக்செட்காரரிடமிருந்து ஒரு போஸ்ட் கார்டு. தட்டு தேய்ந்துவிட்டது, இன்னும் இரண்டு வேண்டும் என்று எழுதியிருந்தார். தட்டு தேய்கிற அளவுக்கு யார் கேட்கிறார்கள்? சுந்தரம் லீவு போட்டான். இரண்டு பேரும் உடுமலை, மூணாறு வழியாகப் போனோம். நம்முடைய பஸ்தான், நம்முடைய வளைவுகள்தான். உன் இருக்கையில் ஒரு மிளகு வியாபாரி உட்கார்ந்திருந்தார்.

மைக்செட்காரர் எங்களைச் சூரியநெல்லிக்கே கூட்டிக்கொண்டு போனார். சடங்கு வீடு, கல்யாண வீடு எதுவானாலும் லயத்து வீடுகளில் குடியிருக்கிற தோட்டத்துப் பெண்கள் முதலில் கேட்பது நாலாவது பாட்டுத்தானாம். சாயங்காலம் கொழுந்து நிறுக்கிற கொட்டகைக்குப் போனோம். பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றிருந்தார்கள். பேச்சியம்மாள் எங்களை அடையாளம் கண்டுகொண்டு வரிசையை விட்டு வந்தார். எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "அந்தப் படிக்கிறவரு வரலியா?" என்று கேட்டார்.

அவர்களுக்குத் தெரியாது மாப்ளே. தட்டில் நீ உயிரோடு இருக்கிறாய், அவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? சுந்தரம் தலையைக் குனிந்துகொண்டான். நான்தான் சொல்லவேண்டியிருந்தது. சொன்னேன். வரிசையில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராகக் கூடையைக் கீழே இறக்கினார்கள்.

பேச்சியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "எங்களுக்கு யாருமே சொல்லலியேய்யா. நாங்க பாட்டுக்கு அவுக பாட்டத் தினமும் படிச்சுக்கிட்டு இருந்தமே."

தட்டு வருவதற்கு முன்பிருந்தே படிக்கிறார்களாம். அந்த மத்தியானம் மூன்று தடவை கேட்டதிலேயே அவர்களுக்குப் பாடமாகிவிட்டது. தட்டைக் கேட்டபோது அன்று படித்த மாதிரி இல்லையே, நடுவில் என்னமோ இடித்துக்கொண்டே இருக்கிறதே என்று பேசிக்கொண்டார்களாம். அந்த இடி நான்தான் என்று சொன்னேன். பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணுக்குச் சிரிப்பு வந்து, உடனே அழுகையும் வந்துவிட்டது.

நான் கேட்டுக்கொண்டதற்காகப் படித்துக் காட்டினார்கள். பேச்சியம்மாள் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் பின்னாலேயே வந்தார்கள். ஒரு வரியை மாற்றியிருக்கிறார்கள். கூடை நிறையலை என்று படித்தால் அன்றைக்குக் கூடை நிறையவே மாட்டேன் என்கிறதாம். அதனால் "கூடை நெறஞ்சிருச்சு, கூப்பிட ஆளில்லை" என்று படிக்கிறார்கள். கேட்டாயா? உன் வரியைவிட இது நன்றாக இருக்கிறது. கூடை நிறைந்த பிறகு கூப்பிட ஆளில்லாமல் போவதுதானே பெரிய துக்கம்.

"திரும்புவியா" என்று எல்லாரும் ஒன்றாக நிறுத்தினார்கள். அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. நிறுக்கிறவர் தராசைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொட்டகைத் தகரத்தில் ஈரம் சொட்டுகிற சத்தம் கேட்டது. நீ ஸ்டூடியோவில் என்னிடம் கேட்டது இந்த இடத்தைத்தான் என்று அப்போது எனக்குப் புரிந்தது. சுந்தரம் திரும்பி நின்று மைக்செட் பெட்டியின் ஒயர்களைச் சரிபார்க்கத் தொடங்கினான். அதில் எந்தக் கோளாறும் இல்லை.

போன சந்தை நாளில் இதையெல்லாம் உங்கய்யனிடம் சொன்னேன். டீ ஆறிப்போகிறவரை கேட்டுக்கொண்டிருந்தார். தட்டைப் போடட்டுமா என்றதற்கு வேண்டாம் என்று தலையாட்டினார்.

"அந்த மலைக்கு எந்த பஸ்ஸுப்பா போகுது?" என்றார். பிறகு, "அவங்காத்தாளையும் கூட்டிட்டுப் போலாமா?"

அவர் வாழ்நாளில் உடுமலைக்கு அந்தப் பக்கம் போனதில்லை. உங்காத்தா பழனிக்கு அந்தப் பக்கம் போனதில்லை.

சித்திரையில் அங்கே மாரியம்மன் கோயில் திருவிழா. வேலை இல்லாத நாள், எல்லாரும் இருப்பார்கள். உங்கய்யனையும் உங்காத்தாவையும் நான் கூட்டிக்கொண்டு போகிறேன். உடுமலையில் இறங்கி ஆத்தாவுக்கு எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்து, மலைப் பஸ்ஸில் இரண்டு பேரையும் ஜன்னலோரம் உட்காரவைப்பேன். போனதும் பேச்சியம்மாளுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, இவர்கள்தான் அவனைப் பெற்றவர்கள் என்று சொல்வேன். வேறொன்றும் சொல்லமாட்டேன். அவர்கள் படிக்கட்டும். ஆத்தா தாங்காவிட்டால் பிடித்துக்கொள்ள நானும் சுந்தரமும் இரண்டு பக்கமும் நிற்போம். இரண்டு பேரையும் பத்திரமாகக் கொண்டுவந்து உன் வீட்டு வாசலில் விட்டுவிட்டுத்தான் நான் என் வீட்டுக்குப் போவேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

இந்தத் தடவை நான் பொய் சொல்லவில்லை.

என்றும் உன் மாப்ளே,
உங்காத்தாவுக்கு இனி ஒரு பிள்ளை,
தாவூது
கடலை மண்டி, கொழிஞ்சாம்பாறை